முத்திரையை நம்பினார்கள்!

சுங்குவார்சத்திரம் எங்கே, சிந்த்வாரா எங்கே! ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையோரத்து ஊர். மற்றொன்று மத்தியப் பிரதேசத்தின் நிலக்கரிச் சுரங்க வட்டாரம். இரண்டையும் 2025-ஆம் ஆண்டில் இணைத்தது ஒரு சிறு மருந்துப் புட்டி. சளிக்கும் இருமலுக்கும் என்று குழந்தைகளுக்கு எழுதித் தரப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இனிப்பு மருந்து. குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலுமாக 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைக்கூடத் தாண்டாதவர்கள்.

அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழகத்துக்குக் கடிதம் வந்தது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தொழிற்கூடத்துக்குச் சென்று புட்டிகளை எடுத்து அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மூன்றாம் நாளுக்குள் முடிவு தெரிந்துவிட்டது. டை எத்திலீன் கிளைகால் நூற்றுக்கு 48.6 பங்கு! சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவோ நூற்றுக்கு 0.1 பங்குதான். மருந்தில் நஞ்சு கலந்திருந்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. புட்டியில் ஏறக்குறையப் பாதி நஞ்சு. மீதியில்தான் மருந்து இருந்தது.

டை எத்திலீன் கிளைகால் என்பது என்ன? வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும், எஞ்சின் குளிரில் உறையாமல் காக்கும் திரவத்திலும் சேர்க்கும் இரசாயனம். நிறமில்லை. நெடியில்லை. நாவில் வைத்தால் இனிக்கும். இனிப்பு மருந்து செய்பவர்கள் மருந்துப் பொடியைக் கரைக்கக் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் போன்றவற்றை வாங்குகிறார்கள். மருந்துக்கென்று சுத்தம் செய்த சரக்கு விலை அதிகம். சாயப்பட்டறைக்கும் பிசின் ஆலைக்கும் போகும் சரக்கு விலை குறைவு. அந்த மலிவுச் சரக்கிலேதான் இந்த நஞ்சு ஒளிந்து வருகிறது. சுங்குவார்சத்திரத்துத் தொழிற்கூடத்தில் மருந்துத் தரமல்லாத சரக்கை வெளிச்சந்தையில் வாங்கிச் சோதிக்காமலே கலந்தார்கள் என்பது ஆய்வுக்குப் போன அதிகாரிகளின் குற்றச்சாட்டு. குறைபாடுகள் என்று 350-க்கும் மேல் எழுதிக்கொண்டு வந்தார்கள். உரிமம் ரத்தாயிற்று, உரிமையாளர் கைதானார், அந்த வட்டாரத்து மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குற்றம் யார்மேல் எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

நாம் கேட்பது வேறு. அந்தத் தொழிற்கூடத்துக்கு உரிமம் இருந்தது, 2011-இல் வாங்கியது. அந்த மருந்துக்கு அனுமதி இருந்தது. புட்டியின்மேல் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் எதற்கும் குறைவில்லை. முத்திரையெல்லாம் முறைப்படி இருந்தது. முத்திரையை நம்பி மருத்துவர் எழுதினார். முத்திரையை நம்பிக் கடைக்காரர் விற்றார். முத்திரையை நம்பித் தாய் ஊட்டினாள். அந்த முத்திரை எதைப் பார்த்துக் குத்தப்பட்டது? எப்போது பார்த்துக் குத்தப்பட்டது?

ஒரு தொழிற்கூடத்தின் கதை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளர்ந்துவரும் நாடுகள் அத்தனையிலும் மருந்தைப் பதிவு செய்யும் முறையும், மருந்தைக் காவல் காக்கும் முறையும் இன்று மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த மாற்றம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தால்தான் சிந்த்வாரா விளங்கும்.

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொதிகலனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரைபடத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வது ஒரு வேலை. அதைச் செய்யும் பட்டறை தகுதியுள்ளதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. கொதிகலன் ஓடத் தொடங்கிய பிறகு ஆய்வாளர் நேரில் வந்து, நிறுத்தச் சொல்லி, உள்ளே பார்த்துச் சான்று எழுதுவது மூன்றாவது வேலை. முதல் வேலை காகிதத்தில் முடிந்துவிடும். மூன்றாவது வேலைக்கு ஆள் வரவேண்டும். வந்தவர் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்ததை அஞ்சாமல் எழுதவேண்டும். மருந்துக்கும் இந்த மூன்றுதான். இன்ன மருந்து இன்ன நோய்க்கு ஆகும் என்று பதிவு. இன்ன தொழிற்கூடம் அதைச் செய்யலாம் என்று உரிமம். செய்து வெளிவரும் ஒவ்வொரு தொகுதியும் சரிதானா என்று சோதனை. வளரும் நாடுகளில் இன்று முதல் வேலைக்குச் சிறகு முளைத்திருக்கிறது. மூன்றாவது வேலை இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலையின் வேகத்தைப் பாருங்கள். சீனத்தில் 2015-இல் ஏறக்குறைய 22,000 மருந்து விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. சில ஆண்டுகளில் அந்த மலையைக் கரைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2018-இல் புதிய மருந்து ஆணையம் பொறுப்பேற்றபோது பழைய அமைப்பு விட்டுச்சென்ற 16,000 அளவிலான விண்ணப்பங்கள் அதன் தலையில் விழுந்தன. அதையும் தீர்த்தார்கள். பிரேசிலில் 2016-இல் சட்டமே செய்து, சாதாரண மருந்துக்கு 365 நாள், அவசர மருந்துக்கு 120 நாள் என்று கெடு வைத்தார்கள். இந்திய அரசு 2024 ஆகஸ்டில், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட சில வகைப் புது மருந்துகளுக்கு இங்கே மறுபடியும் நோயாளிகளிடம் சோதனை நடத்தத் தேவையில்லை என்று விலக்களித்தது.

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. வேறொரு நாட்டு ஆணையம் ஏற்கனவே ஆராய்ந்து ஒப்புக்கொண்ட மருந்தை நாமும் அடியிலிருந்து ஆராய்வானேன், அவர்கள் ஆய்வையே ஆதாரமாகக் கொண்டு பதிவு செய்துவிடலாமே என்பதுதான் அது. பிறர் ஆய்வைச் சார்ந்து பதிதல் என்று அதைச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் இன்று எல்லா ஏழை நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது.

இது தவறா? தவறென்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. தாமதமும் கொல்லும். எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய காலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேல்நாட்டு நிறுவனங்கள் அந்த மருந்துகளுக்கு ஆண்டுக்கு ஒரு நோயாளிக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டன. 2001 பிப்ரவரியில் பம்பாயின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! ஆனால் விலை குறைந்தால் மட்டும் போதுமா? இந்திய மருந்து நல்ல மருந்துதானா என்று சோதிக்க அங்கே பல நாடுகளில் ஆய்வுக்கூடமும் இல்லை, ஆட்களும் இல்லை. அதே 2001-இல் உலக சுகாதார நிறுவனம் முன்தகுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் தொழிற்கூடத்துக்கு நேரில் வந்தார்கள், ஏடுகளைப் புரட்டினார்கள், தேறியவற்றைப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலை நம்பி நாடுகள் வாங்கின. இந்தியத் தொழிலாளி செய்த மாத்திரை இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கரை உயிரோடு வைத்தது. பிறர் ஆய்வை நம்பியதால் விளைந்த நன்மை அது. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் அங்கே நம்பியது எதை? நேரில் வந்து பார்த்த கண்ணை. வெறும் காகிதத்தை அல்ல.

காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் காம்பியா சாட்சி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரையோரம் நாடா போல் நீண்டு கிடக்கும் குட்டி நாடு. 2022-இன் நடுவில் அங்கே குழந்தைகள் சிறுநீர் நின்று சாகத் தொடங்கினார்கள். எழுபது குழந்தைகள் அளவில் மாண்டார்கள். நாட்டிலே மருந்தைச் சோதிக்க ஓர் ஆய்வுக்கூடம்கூடக் கிடையாது. புட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 2022 அக்டோபர் 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது: அரியானா மாநிலத்து மெய்டன் நிறுவனம் செய்த நான்கு இனிப்பு மருந்துகளில் டை எத்திலீன் கிளைகாலும் எத்திலீன் கிளைகாலும் இருக்கின்றன. இந்திய அரசு, தன்னிடமிருந்த மாதிரிகளைச் சோதித்ததில் குறையில்லை என்று 2022 டிசம்பரில் பதில் சொன்னது. காம்பியாவோடு சேர்ந்து ஆராய்ந்த அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தினர், இறக்குமதியான அந்த மருந்துகளே காரணம் என்பதற்கு வலுவான அறிகுறி இருப்பதாக 2023-இல் எழுதினார்கள்.

இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நான்கு மருந்துகளும் ஏற்றுமதிக்கென்றே அரியானா மாநில அதிகாரிகளால் உரிமம் தரப்பட்டவை. இந்தியாவில் விற்பனைக்கே வராதவை. உரிமம் கொடுத்த கை அரியானாவில். குடித்த வாய் காம்பியாவில். அந்த வாய்க்கு அரியானாவில் வாக்குச் சீட்டு ஏது? சட்டசபையில் கேள்வி கேட்க உறுப்பினர் ஏது? யாருக்காக மருந்து செய்கிறார்களோ அவர்களுக்கு, உரிமம் கொடுப்பவரைத் தட்டிக் கேட்கும் வழியில்லை.

இன்னொரு செய்தியும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மருந்துத் தொழிற்கூடங்கள் பலவற்றின் விளம்பரத்தில் 'உலக சுகாதார நிறுவனத் தரச் சான்று பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜெனீவாவிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்த்துக் கொடுத்தார்கள் போலும் என்று படிப்பவர் நினைப்பார். இல்லை. உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்த விதிகளின்படி இந்திய அதிகாரிகளே பார்த்துக் கொடுப்பது அந்தச் சான்று. மேலே சொன்னேனே, முன்தகுதி, அது வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது. ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு இந்த வேற்றுமை எப்படித் தெரியும்?

காம்பியாவில் ஆய்வுக்கூடம் இல்லை. உஸ்பெகிஸ்தானில் கட்டாயச் சோதனை என்று சட்டமே இருந்தது. அங்கே என்ன ஆயிற்று? நொய்டாவின் மேரியன் நிறுவனம் செய்த இருமல் மருந்து 2022-இல் அங்கே குழந்தைகளைக் கொன்றது. சோதனையைத் தவிர்க்க உள்ளூர் அதிகாரிகளுக்கு 33,000 டாலர் கொடுக்கப்பட்டது என்று அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார்கள். 68 குழந்தைகள் இறந்ததற்காக 2024 பிப்ரவரியில் 23 பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இறக்குமதி மருந்துக்கு உரிமம் கொடுக்கும் பொறுப்பிலிருந்த முன்னாள் உயர் அதிகாரிகளும் அவர்களில் உண்டு. ஒரு நாட்டில் மூன்றாவது வாயில் கட்டப்படவேயில்லை. மற்றொரு நாட்டில் கட்டிய வாயிலை விலை பேசிவிட்டார்கள்.

எல்லாப் பழியும் இந்திய மருந்துக்குத்தானா என்றால், அதுவும் இல்லை. அதே 2022-இல் இந்தோனேசியாவில் இருநூறு குழந்தைகள் அளவில் மாண்டார்கள். குடித்தது அந்நாட்டிலேயே செய்த மருந்து.

நைஜீரியாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் நாட்டுக்கு அதில் பாடம் இருக்கிறது. 2001-இல் அந்நாட்டு உணவு மருந்து ஆணையத்தின் தலைவராக டோரா அகுன்யிலி என்னும் பெண்மணி வந்தார். மருந்தியல் பேராசிரியை. அவருடைய தங்கை 1988-இல் போலி இன்சுலினால் மாண்டவர். வந்தவுடன் அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டு உட்காரவில்லை. சந்தைகளில் புகுந்தார். போலி மருந்தைக் கொளுத்தினார். இந்தியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வரும் மருந்து, கப்பலில் ஏறுமுன்பே அங்கேயே சோதிக்கப்பட்டுச் சான்றோடு வரவேண்டும் என்று விதித்தார். 2003 டிசம்பரில் அவருடைய காரைச் சுட்டார்கள். குண்டு தலைத்துணியைத் துளைத்துச் சென்றது, உயிர் தப்பினார், வேலையை விடவில்லை.

அப்படிப்பட்ட ஆணையத்தின் கண்ணெதிரே, 2008-இல் 'மை பிக்கின்' என்னும் பல்முளைக்கும் குழந்தைக்கான மருந்து 80-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்றது. அந்த மருந்து எந்தக் கப்பலிலும் வரவில்லை. லாகோஸ் நகரிலேயே செய்யப்பட்டது. நஞ்சு அதே டை எத்திலீன் கிளைகால். துறைமுகத்தில் காவல் வைத்தார்கள். கொல்லைப்புறம் திறந்து கிடந்தது.

இதை அப்படியே இந்தியாவில் பொருத்திப் பாருங்கள். காம்பியாவாலும் உஸ்பெகிஸ்தானாலும் உலகச் சந்தையில் பெயர் கெட்டது. உடனே டெல்லி விழித்துக்கொண்டது. 2023 ஜூன் முதல் நாளிலிருந்து, ஏற்றுமதியாகும் இருமல் மருந்து ஒவ்வொன்றும் அரசு அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டுச் சான்றோடுதான் கப்பலேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. காம்பியாவும் அந்த ஆண்டு ஜூலை முதல், இந்திய மருந்துகள் புறப்படுமுன்பே சோதிக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. நல்லது. வரவேற்கிறோம். ஆனால் அதே இருமல் மருந்து காஞ்சிபுரத்திலிருந்து லாரியில் ஏறி மத்தியப் பிரதேசத்துக்குப் போனால்? அதற்கு அந்தச் சோதனை இல்லை! கடல் தாண்டினால் சான்று. விந்திய மலை தாண்டினால் சான்று வேண்டாம்! டாலர் கொடுத்து வாங்குபவனின் பிள்ளைக்கு ஒரு காவல். ரூபாய் கொடுத்து வாங்குபவளின் பிள்ளைக்கு அது கிடையாது. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், 'கோல்ட்ரிஃப் வெளிநாடு எதற்கும் போயிற்றா?' என்று கேட்டது. போகவில்லை என்று டெல்லி பதில் சொன்னது. ஆறுதலாகச் சொன்ன பதில்! சிந்த்வாராத் தாய்மார்களுக்கு அதில் என்ன ஆறுதல்?

2023-ஆம் ஆண்டு இன்னொன்றுக்கும் நினைவில் வைக்கத்தக்கது. ஏற்றுமதிச் சோதனை வந்த இரண்டாம் மாதம் நாடாளுமன்றம் 'ஜன் விஷ்வாஸ்' என்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் நம்பிக்கைச் சட்டம் என்று பொருள். பெயர் வைப்பதில் டெல்லிக்கு என்றுமே குறைவில்லை. தொழில் நடத்துவோருக்குச் சிறைப் பயத்தைக் குறைப்பது அதன் நோக்கம். தரக்குறைவான மருந்து செய்த குற்றங்களில் 27-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, தொகை கட்டி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களோடு சேர்க்கப்பட்டது. உயிரைக் குடித்த கலப்பட மருந்துக்கான தண்டனை இதில் சேராது. அது அப்படியே இருக்கிறது. ஆனால் நஞ்சுப் புட்டி ஒரே நாளில் பிறப்பதில்லை. முதலில் சிறு குறை. கேட்பாரில்லை என்றால் அடுத்த குறை. குறை சிறிதாக இருக்கும்போது கட்டணத்தோடு விட்டுவிட்டு, குழந்தை மாண்டபின் கைவிலங்கோடு ஓடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

இந்த நஞ்சு நமக்குப் புதியதா என்ன? 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. மறு ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1972-இல் நமது சென்னையிலேயே குழந்தைகளைப் பலி கொண்டது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். நீதிபதி லெண்டின் விசாரித்து அரசாங்கத்தையே உலுக்கிய அறிக்கை தந்தார். 1998-இல் குர்காவ்னில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். நஞ்சு ஒன்றே. அது நுழைந்த வழியும் ஏறக்குறைய ஒன்றே.

உரிமம் தருவது மாநிலம். புது மருந்துக்கு அனுமதி தருவது டெல்லி. விபத்து வந்தால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுகிறார்கள். 2003-இல் மஷேல்கர் குழு, எல்லாவற்றையும் மத்திய ஆணையம் ஒன்றின்கீழ் கொண்டுவரச் சொன்னது. அதே குழு வேறொன்றும் சொன்னது: 50 தொழிற்கூடத்துக்கு ஓர் ஆய்வாளர், 200 மருந்துக்கடைக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும். முதல் யோசனையைப் பற்றி இருபது ஆண்டாக வாதாடினார்கள். இரண்டாவதற்கு வாதம் தேவையில்லை, சம்பளம்தான் தேவை. டெல்லியிலே குவித்தால் நஞ்சு கலையும் என்று நாம் நம்பவில்லை. 2012-இல் நாடாளுமன்ற நிலைக்குழு டெல்லி மருந்து அலுவலகத்தைச் சோதித்தபோது, 30-க்கும் மேற்பட்ட புது மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலே அனுமதி பெற்றதைக் கண்டுபிடித்தது. அதற்காக மாநிலத்தின் கையிலிருப்பதெல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்றும் சொல்ல மாட்டோம். அக்டோபரில் மூன்று நாளில் நஞ்சைக் கண்டுபிடித்த திறமை அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே போயிற்று? கருவியும் இருந்தது, படித்தவர்களும் இருந்தார்கள். போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

சீனம் இதில் ஒரு பாடம். 2007-இல் அந்நாட்டு மருந்து ஆணையத்தின் முன்னாள் தலைவர் செங் சியாவ்யூ இலஞ்சம் வாங்கி மருந்துகளுக்கு அனுமதி தந்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். தலையை எடுத்ததால் மருந்து திருந்திவிட்டதா? எட்டு ஆண்டு கழித்து, சோதனைக் கணக்குகள் உண்மையா என்று நிறுவனங்களே ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளட்டும், பிறகு நாங்கள் நேரில் வருவோம் என்று அறிவித்தார்கள். 1622 விண்ணப்பங்கள் அதில் சிக்கின. பெரும்பாலானவற்றை நிறுவனங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆய்வாளர் வருவார் என்ற அச்சம் செய்த வேலை அது! நூற்றுச் சொச்சமாக இருந்த மதிப்பீட்டாளர்களின் எண்ணிக்கையையும் பல மடங்கு பெருக்கினார்கள். பதிவும் விரைந்தது, பொய்யும் குறைந்தது. ஆள் சேர்த்தால் இரண்டும் கூடும்.

"சிறு தொழில் செத்துவிடுமே!" என்று ஒரு குரல் எழும். அதை ஏளனமாகத் தள்ளக்கூடாது. இந்தியாவில் 10,500 அளவில் மருந்துத் தொழிற்கூடங்கள். அவற்றில் 8,500 அளவில் சிறிய, நடுத்தரக் கூடங்கள் என்று அரசே 2023-இல் சொன்னது. அவற்றில் ஆயிரமாயிரம் தொழிலாளர் பிழைக்கிறார்கள். ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து அங்கிருந்து வருகிறது. சிறியவையெல்லாம் மூடிப்போனால் சந்தை முழுவதும் நம்முடையதே என்று சப்புக்கொட்டும் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்கள் தரம் தரம் என்று உருகுவதை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். தொழிற்கூட விதிகள் 2023 டிசம்பரில் கடுமையாகத் திருத்தப்பட்டன. சிறியவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை கெடு நீட்டப்பட்டது. கெடுவை நீட்டிய காலத்தில் அரசு அவர்களுக்குச் செய்து தந்தது என்ன? டை எத்திலீன் கிளைகாலைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய்க் கருவிதான் வேண்டும் என்பதில்லை. மெல்லிய தகட்டில் சொட்டுவிட்டுப் பார்க்கும் எளிய முறையும் உண்டு; உலக சுகாதார நிறுவனமே அதை ஏழை நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பத்துச் சிறு கூடங்கள் சேர்ந்திருக்கும் தொழிற்பேட்டையில் அரசு ஒரு பொது ஆய்வுக்கூடம் வைத்தால், பீப்பாய் ஒவ்வொன்றும் சோதனைச் சீட்டோடு உள்ளே போகும். சிறு முதலாளியும் பிழைப்பான், பிள்ளையும் பிழைக்கும். இத்தனை எளிய காரியத்துக்கு இன்னும் எத்தனை விசாரணைக் குழு வேண்டும்?

ஆய்வு அறிக்கைகளை ஊரறிய வெளியிடுவதும் அப்படியே. அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தியத் தொழிற்கூடத்துக்கு வந்து கடுங்குறை கண்டு எழுதும் எச்சரிக்கைக் கடிதத்தை அவர்கள் அரசு வெளியிட்டுவிடுகிறது. நீங்களும் நானும் படிக்கலாம். நம் மத்திய ஆணையம் மாதந்தோறும் தேறாத மருந்துகளின் பட்டியலைப் போடுகிறது. அந்த அளவுக்குச் சரி. ஆனால் நம் ஆய்வாளர் நம் தொழிற்கூடத்தில் என்ன கண்டார் என்பதை நாம் படிக்க வழியில்லை. கடைசியாக எந்த நாளில் போனார் என்பதுகூட, குழந்தைகள் இறந்த பிறகுதான் வெளியே வருகிறது.

ஆப்பிரிக்க நாடுகள் இப்போது தாங்களாகவே எழுந்து நிற்கின்றன. ஒரு நாட்டின் மருந்துக் கட்டுப்பாடு எந்தப் படியில் நிற்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் நான்கு படிகளாக அளக்கிறது. 2018-இல் தான்சானியா ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக மூன்றாம் படி ஏறியது. பிறகு கானா, நைஜீரியா, இன்னும் சில. எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஆப்பிரிக்க மருந்து ஆணையம் ஒன்றுக்கான ஒப்பந்தம் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ருவாண்டாவின் கிகாலியில் அதன் தலைமையிடம். இந்தியாவோ 2024-இல் தடுப்பூசிக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் மூன்றாம் படியை எட்டியது. மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் அந்தச் சான்று பேசாது. உலகுக்கே மருந்துக்கடை என்று மார்தட்டுகிற நாடு, தன்னிடம் வாங்குகிற தான்சானியாவைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலைமை!

சிந்த்வாரா மரணங்களுக்குப் பின் 2025 அக்டோபரில் டெல்லியின் மருந்துத் தலைமை அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் எழுதினார்: மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியும், செய்து முடித்த மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே போகவேண்டும் என்று. சட்டத்தில் ஏற்கனவே இருந்ததைத்தான் மறுபடி நினைவூட்டினார். அந்தக் கடிதம் மாநிலத் தலைநகருக்குப் போனது. அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து முதலாளியின் மேசைக்கும் போயிருக்கலாம். பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பவனிடம் போயிற்றா? பீப்பாயை உருட்டி வருபவனும் தொழிலாளிதான், திறந்து ஊற்றுபவனும் தொழிலாளிதான். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. பீப்பாய்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மருந்துத் தரமா, தொழிற்சாலைத் தரமா என்று எழுதியிருப்பதை முதலில் பார்ப்பவன் அவன். சீட்டே இல்லாத பீப்பாய் வந்தால் அதையும் முதலில் பார்ப்பவன் அவன். "இது சோதித்த சரக்கா?" என்று அவன் கேட்டால் மறுநாள் அவனுக்கு வேலை உண்டா? மருந்துத் தொழிற்கூடங்களில் சங்கம் கட்டும் தோழர்கள், கூலி உயர்வோடும் போனசோடும் இதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதட்டும்: சோதனைச் சீட்டு இல்லாத பீப்பாயைத் திறக்க மறுத்த தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, அவன் மறுத்த செய்தி அன்றே மருந்து ஆய்வாளருக்குப் போகவேண்டும்.